ஓடிக்கொண்டிருக்கும் மீன்தொட்டியில் அடிமணலை மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொட்டி வைத்து ஒன்றிரண்டு வருடம் ஆகிவிட்டது. மீன்கள் நலமாக இருக்கின்றன, செடிகளும் வேர் பிடித்துவிட்டன. ஆனால் அடியில் கிடக்கும் கல்லை மட்டும் மாற்ற வேண்டும். கலர் கல்லின் சாயம் உரிந்துகொண்டிருக்கலாம், மணல் போட ஆசை வந்திருக்கலாம், செடிக்காக அக்வா சாயில் (செடி வளர்ப்பதற்கென்றே விற்கும் மண் உருண்டைகள்) தேவைப்படலாம். அந்த நிலையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பேசுவது நன்னீர்த் தொட்டியைப் பற்றி. கடல்நீர்த் தொட்டிக்கு ஒரே ஒரு பதில் உண்டு. கல், மணல், சாயில் என்று எது கிடந்தாலும் பொதுவாக ‘அடிமணல்’ என்றே சொல்கிறேன்.

முதலில், மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பலருக்குத் தேவையே இல்லை. கூழாங்கல்லும் மணலும் பழசாகிக் கெட்டுப்போகும் பொருள்கள் அல்ல. “ரொம்ப அழுக்காகிவிட்டது” என்பது மட்டும்தான் காரணம் என்றால், வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றும்போது சைபன் குழாயை (தண்ணீரை உறிஞ்சிக் கீழே வாளிக்குக் கொண்டுபோகும் குழாய்) கல்லுக்குள் இறக்கி, ஒவ்வொரு தடவையும் தொட்டியின் மூன்றில் ஒரு பகுதியைச் சுத்தம் செய்யுங்கள். ஒரு மாதத்தில் அதே கல் புதுசு போலாகிவிடும்.

மாற்ற வேண்டிய நியாயமான காரணங்களும் இருக்கின்றன. கோரிடோரஸ், லோச் போன்ற அடிமீன்கள் மணலை வாயில் அள்ளிச் சலித்துத் தின்பவை. கூர்மையான கல்லில் அவற்றுக்கு அந்தப் பழக்கமே அற்றுப்போகும், மீசையும் தேயும். சுண்ணாம்பு கலந்த கல் தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே இருக்கும். அக்வா சாயில் சில வருடங்களில் நொறுங்கிச் சேறாகிவிடும். இவற்றுக்கெல்லாம் சைபன் தீர்வாகாது.

அடிமணலை எடுத்தால் பாக்டீரியா எல்லாம் போய், தொட்டி முதலிலிருந்து சைக்கிள் ஆக வேண்டுமா?

எல்லாருக்கும் இருக்கிற பயம் இது. கழிவைச் சமாளிக்கும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருகி நிலைப்பதைத்தான் சைக்கிள் ஆவது என்கிறோம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. (இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றுதான் வெகுகாலம் எழுதிவந்தார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அது நைட்ரோஸ்பைரா என்பதை மீன்தொட்டி நுண்ணுயிர்களை ஆராய்ந்த டிமோதி ஹோவனெக் குழுவினர் 1998இல் காட்டினார்கள். பழைய புத்தகங்களில் இன்னமும் நைட்ரோபாக்டர்தான் இருக்கும்.) இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிகக் குறைவாகவே மிதக்கும். பெரும்பாலும் வழவழப்பான படலமாக எதிலாவது ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. ஆக்சிஜனும் அம்மோனியாவும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும் இடம்தான் அவற்றுக்குப் பிடித்த இடம். சாதாரணத் தொட்டியில் அது ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சும் செராமிக் வளையங்களும்தான். கல்லிலும் இருக்கும், ஆனால் தண்ணீர் புழங்கும் மேல் பகுதியில்தான் அதிகம்.

ஆகவே ஃபில்டர் பல மாதம் ஓடிப் பழகியிருந்தால், அதைத் தொடாமல் விட்டால், அடிமணலை முழுக்க எடுத்தாலும் தொட்டி தாக்குப்பிடிக்கும். இரண்டு இடத்தில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. ஒன்று, கல்லுக்கு அடியில் தட்டு வைத்து, கல்லின் வழியே தண்ணீரை இழுக்கும் அண்டர்கிராவல் ஃபில்டர். அங்கே கல்தான் ஃபில்டர். இரண்டு, ஃபில்டர் மிகச் சிறியதாகவும் மீன்கள் நிறையவும் இருக்கும் தொட்டி. இந்த இரண்டிலும் வேலைக்கு ஆறு வாரம் முன்பே இன்னொரு ஃபில்டரைச் சேர்த்து ஓட விடுங்கள். இந்த நுண்ணுயிர்கள் மெதுவாகப் பெருகுபவை. சாதாரண பாக்டீரியா அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும் என்றால், இவற்றுக்கு அரை நாளோ ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அவசரப்படுத்த முடியாது.

அப்படியானால் பயப்பட வேண்டியது எதற்கு?

கசடுக்கு. கல்லுக்கு இடையில் பல மாதமாக இறங்கி அடைந்திருக்கும் மீன் கழிவு, மிச்ச உணவு, அழுகிய இலை. கல் அசையாமல் கிடக்கும்வரை அது யாரையும் தொந்தரவு செய்யாது. கிளறிவிட்டால் ஒரே நேரத்தில் மொத்தமும் தண்ணீரில் கலந்துவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் தடவை மீன்களைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் கல்லை அள்ள ஆரம்பித்தேன். முதல் இரண்டு அள்ளலில் ஒன்றும் தெரியவில்லை. மரக்கட்டை கிடந்த இடத்துக்குக் கீழே கை வைத்ததும் கல் கறுப்பாக வந்தது. மை தடவியதுபோலக் கறுப்பு, கூடவே அழுகிய முட்டை நாற்றம். ஐந்து நிமிடத்தில் தொட்டிக்குள் என் கையே எனக்குத் தெரியவில்லை. அன்றிரவு டெட்ராக்கள் எல்லாம் தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. விடிவதற்குள் நான்கு போய்விட்டன. ஃபில்டரை நான் தொடவே இல்லை, பாக்டீரியா அப்படியேதான் இருந்தது. கசடுதான் அவற்றைக் கொன்றது.

அந்தக் கறுப்பு, காற்றுப் புகாத இடத்தில் உண்டாகும் இரும்பு சல்ஃபைடு. நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவுடையது. மிகச் சிறிய அளவிலேயே மீனுக்கு நஞ்சு. ஆக்சிஜன் நிறைந்த தண்ணீரில் அது சீக்கிரம் சிதைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் கலங்கிய கசடு அந்த ஆக்சிஜனையே தின்றுகொண்டிருக்கும்போது, அதை நம்பி உட்கார முடியாது.

ஒரே நாளில் மாற்றலாமா, கொஞ்சம் கொஞ்சமாகவா?

கொஞ்சம் கொஞ்சமாக, அதாவது வாரம் கால்வாசி என்று மாற்றுவதுதான் பத்திரம் என்று பரவலாகச் சொல்வார்கள். பாக்டீரியாவை மட்டும் நினைத்தால் அது சரி. கசடை நினைத்தால், மீன்கள் உள்ளே இருக்கும்போதே நான்கு முறை கிளறுவதாக ஆகும். பழசும் புதுசும் எல்லையில் கலந்தும் போகும். கல்லிலிருந்து மணலுக்கு மாறுகிறீர்கள் என்றால், அந்தக் கலப்பைப் பிறகு பிரிக்கவே முடியாது.

நல்ல ஃபில்டர் இருக்கும் தொட்டியில் நான் சொல்வது: மீன்களை வெளியே எடுத்து, ஒரே நாளில் முடியுங்கள். கூழாங்கல்லுக்குப் பதில் அதே மாதிரியான கூழாங்கல் போடுகிறீர்கள், அல்லது அண்டர்கிராவல் தொட்டியில் புது ஃபில்டர் வைக்க வழியில்லை என்றால், பகுதி பகுதியாகச் செய்யலாம். ஒவ்வொரு பகுதிக்கும் நடுவில் இரண்டு வாரம் விடுங்கள். கல்லுக்கு அடியில் தோட்டமண் போட்டிருக்கும் தொட்டியில் மட்டும் பகுதி பகுதியாகச் செய்யவே கூடாது. ஒரு கை மண் கலைந்தாலே போதும், தொட்டி முழுக்கச் சேறாகிவிடும்.

எவ்வளவு மணல் வாங்குவது?

நீளம், அகலம், வேண்டிய உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வரும். மணலோ கல்லோ லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. 60க்கு 30 தொட்டியில் 5 சென்டிமீட்டர் உயரம் வேண்டுமென்றால் 9 லிட்டர், அதாவது 14 கிலோ. அக்வா சாயில் எடை குறைவு, லிட்டருக்கு ஒரு கிலோவை ஒட்டித்தான் வரும். அதை லிட்டர் கணக்கிலேயே வாங்குங்கள். செடி இல்லாத தொட்டிக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் போதும். வேரூன்றும் செடிகளுக்கு 6, 7 வேண்டும். மணலை அதற்கு மேல் ஆழமாகப் போட்டால் கீழே காற்றுப் புகாமல் அந்தக் கறுப்பு மறுபடி வரும்.

எந்த மணல் நல்லது?

அடிமீன்களுக்காக என்றால் முனை மழுங்கிய, அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரையிலான மணல். நீச்சல்குள ஃபில்டருக்குப் போடும் சிலிக்கா மணல் இதற்கு நன்றாகப் பொருந்தும். மாவு போன்ற பொடிமணல் இறுகிப்போகும், கலங்கிக்கொண்டும் இருக்கும். செடிகளுக்கு மட்டும் என்றால் 2, 3 மில்லிமீட்டர் கல் இன்னும் வசதி.

எதை வாங்கினாலும் தொட்டியில் போடும் முன் வினிகர் சோதனை செய்யுங்கள். காய்ந்த கல் கொஞ்சம் எடுத்து அதன்மேல் வினிகரை விட வேண்டும். நுரைத்துக் குமிழ் விட்டால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. தண்ணீரின் பிஎச்சும் (அமில, காரத் தன்மையின் அளவு) கடினத்தன்மையும் ஏறும். மலாவி, டாங்கனீக்கா ஏரிகளைச் சேர்ந்த ஆப்பிரிக்க சிக்லிட்களுக்கு அதுவே நல்லது. டெட்ராவுக்கும் இறாலுக்கும் வேண்டாம். வினிகர் பலவீனமான அமிலம்தான் என்பதால் ஒரு நிமிடமாவது கண்ணைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு சிறு குமிழ் மெதுவாக எழும்பினாலும் கணக்கில் சேர்த்தி.

மணலை எவ்வளவு கழுவ வேண்டும்?

நினைப்பதைவிட இரண்டு மடங்கு. வாளியில் கால்வாசிக்கு மேல் மணல் போடாதீர்கள். ஹோஸ் பைப்பின் முனையை மணலுக்குள், வாளியின் அடிவரை செருகித் தண்ணீரைத் திறந்துவிட்டு, இன்னொரு கையால் அடியிலிருந்து புரட்டுங்கள். முதலில் சேற்றுத் தண்ணீராக வழியும். ஐந்தாறு வாளி போனபின் மங்கலாகும். அந்த நேரத்தில்தான் போதும் என்று தோன்றும். நிறுத்தாதீர்கள். மணலை ஒரு பிடி எடுத்து, தெளிந்த தண்ணீர் இருக்கும் கண்ணாடி டம்ளரில் போட்டுக் கலக்கிப் பாருங்கள். அரை நிமிடத்தில் மணல் இறங்கி, மேலே தண்ணீர் வழியாக எதிர்ப்பக்கம் தெரிந்தால்தான் கழுவி முடிந்தது. சோப்பு எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. சோப்புக்குப் புழங்கிய வாளியும் கூடாது. இந்த வேலையை முந்தின நாளே முடித்துவிடுங்கள். மீன்கள் வாளியில் காத்திருக்கும்போது மணல் கழுவினால் பாதியில் நிறுத்திவிடத்தான் தோன்றும்.

அக்வா சாயிலைக் கழுவக் கூடாது, உருண்டைகள் கரைந்துவிடும்.

ஒரு வாரம் முன்பு செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு, இதைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். அந்த வாரத்தில் இரண்டு மூன்று முறை கல்லைச் சைபனால் ஆழமாகச் சுத்தம் செய்யுங்கள். வேலை நாளில் கிளம்பப்போகும் கசடில் பெரும்பகுதி அப்போதே வெளியே போய்விடும்.

இன்னொன்று பிஎச். வெகுநாள் தண்ணீர் மாற்றாத தொட்டியில் பிஎச் மெதுவாக இறங்கியிருக்கும். பிஎச் 7இல், 25 டிகிரி வெப்பத்தில், டெஸ்ட் கிட் காட்டும் அம்மோனியாவில் நஞ்சான வடிவில் இருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி, அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியம். பிஎச் 8 ஆகிவிட்டால் அந்த நஞ்சு நூற்றில் ஐந்து பங்குக்கு மேல் போய்விடும், ஏறக்குறைய பத்து மடங்கு. அப்படிப்பட்ட தொட்டியில் ஒரே நாளில் மணலையும் மாற்றி, பிஎச் கூடின புதுத் தண்ணீரையும் நிரப்பினால், அதுவரை அடங்கிக் கிடந்த அம்மோனியா ஒரே மணி நேரத்தில் விஷமாகிவிடும். அதனால் குழாய்த் தண்ணீரின் பிஎச், தொட்டியின் பிஎச் இரண்டையும் முதலில் அளந்து பாருங்கள். வித்தியாசம் அதிகம் என்றால் அந்த வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் 15, 20 சதவீதம் தண்ணீர் மாற்றி இரண்டையும் நெருங்க வையுங்கள்.

அந்த வாரமும் அடுத்த மூன்று வாரமும் ஃபில்டரைக் கழுவ வேண்டாம்.

அன்றைக்கு வேலையை எந்த வரிசையில் செய்வது?

மூன்று நான்கு மணி நேரம் வேறு வேலை இல்லாத நாளாகப் பாருங்கள். முந்தின நாள் மீன்களுக்கு உணவு வேண்டாம். வாளித் தண்ணீர் அசுத்தமாகாது. முதலில் ஹீட்டரை அணைத்துக் கால்மணி நேரம் ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது தண்ணீருக்கு வெளியே வந்தால் கண்ணாடி விரிசல் விடும். எதையும் கலக்கும் முன்பு, தெளிவாக இருக்கும் மேல்பாதித் தண்ணீரை மூடியுள்ள பெரிய வாளிகளில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மீனுக்கு, ஒன்று ஃபில்டருக்கு, ஒன்று திரும்ப ஊற்ற.

அப்புறம் மரக்கட்டை, கல், செடி. மரத்தைத் தூக்கும் முன் அதன் பொந்துக்குள் பாருங்கள். லோச்சும் பிளெக்கோவும் மரத்தோடு வெளியே வந்துவிடும். கட்டைகள் வெளியே வந்து, தண்ணீர் ஒரு சாண் அளவுக்கு இறங்கியபின் வலை போட்டால் மீன்கள் சுலபமாக அகப்படும். நிறைந்த தொட்டியில் மரத்தைச் சுற்றிச் சுற்றித் துரத்துவது அவற்றுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்.

மீன்கள் எல்லாம் வெளியே வந்ததை எண்ணிப் பார்த்தபிறகு, கல்லைக் கொஞ்சம் கிளறிக் கிளறி மிச்சத் தண்ணீரைச் சைபனில் வெளியேற்றுங்கள். கசடில் பெரும்பகுதி அதோடு போகும். ஈரக்கல்லை அள்ள, வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலோ புது டஸ்ட்பேனோ போதும். இரும்புக் கரண்டி வேண்டாம். கண்ணாடியைக் கீறும், மூலையில் இருக்கும் சிலிக்கான் பசையைக் கிழிக்கும். அந்தப் பசைதான் தொட்டியை ஒட்டி நிறுத்தியிருக்கிறது. மூலைகளில் மாட்டியிருக்கும் கற்களை விரலால் எடுங்கள். பக்கக் கண்ணாடியின் வழவழப்பைத் தேய்க்காமல் விடுங்கள்; அடியை மட்டும் தொட்டித் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். காலியாகிவிட்டதே என்று, கொஞ்சம் தண்ணீரோ கல்லோ மிச்சம் இருக்கும் தொட்டியைத் தூக்கி நகர்த்தாதீர்கள்.

பெரிய கல் வைப்பதாக இருந்தால் அதை முதலில் வைத்து, பிறகு அதைச் சுற்றி மணலைப் போடுங்கள். மணல்மேல் வைத்த கல்லை மீன் தோண்டிச் சாய்த்துவிடும். மணல் ஈரமாக இருக்கட்டும், தூசு எழாது. நான்கைந்து விரல் உயரம் தண்ணீர் விட்டுச் செடிகளை நடுங்கள். பிறகு மணல்மேல் ஒரு தட்டு வைத்து, அதன்மேல் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். நிரம்பும்வரை தட்டின் மேலேயே விழ வேண்டும். கடைசியில் ஃபில்டர், ஹீட்டர். தண்ணீர் ஓரளவு தெளிந்து, வாளிக்கும் தொட்டிக்கும் வெப்பம் ஒன்றான பின்தான் மீன்கள்.

மீன்களை எவ்வளவு நேரம் வாளியில் வைக்கலாம்?

தொட்டித் தண்ணீர், ஏர் ஸ்டோன் (ஏர் பம்பின் காற்றைக் குமிழாக விடும் கல்), மூடி மூன்றும் இருந்தால் அரை நாள் தாராளமாக. வாளியை இருட்டாக வையுங்கள், அமைதியாக இருக்கும். குளிரான அறை என்றால் ஹீட்டரும் வேண்டும். மூடியை மறந்துவிடாதீர்கள். வாளியிலிருந்து குதித்துச் சாகும் மீன்கள் நிறைய.

அதுவரை ஃபில்டரை நிறுத்தி வைக்கலாமா?

வாளித் தண்ணீரில் ஓடிக்கொண்டே இருப்பதுதான் நல்லது. மீன் இருக்கும் வாளியிலேயே ஓடினால் இன்னும் நல்லது. முடியாவிட்டால் ஸ்பாஞ்சையும் வளையங்களையும் எடுத்து, தொட்டித் தண்ணீர் இருக்கும் வாளியில் போட்டு ஏர் ஸ்டோனைப் போடுங்கள். கேனிஸ்டர் ஃபில்டரை (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா வகை) மூடியபடியே பல மணி நேரம் நிறுத்தி வைத்தால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அதை அப்படியே திரும்ப ஓட்டினால் முதலில் வருவது நாறிய தண்ணீர்.

பழைய தண்ணீர் முழுவதையும் திரும்ப ஊற்ற வேண்டுமா?

பாக்டீரியாவுக்காக என்றால் வேண்டியதில்லை. மீனுக்குத் தண்ணீர் திடீரென்று மாறக் கூடாது என்பதற்காகப் பாதி பழசு வைத்துக்கொள்கிறோம். அதுவும் கிளறும் முன் எடுத்த தெளிந்த பாதி மட்டும். கலங்கியதைத் தெளிய வைத்து ஊற்றலாம் என்று நினைக்க வேண்டாம், மண் இறங்கினாலும் கரைந்த அம்மோனியா அதிலேயே இருக்கும். புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்து கட்டாயம். தண்ணீரைத் திறந்து வைத்தால் குளோரின் ஒரு நாளில் போய்விடும், ஆனால் குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) போகாது.

மீன்களை எடுக்காமலே செய்ய வழி உண்டா?

மணலும் சிறு கல்லும் என்றால் ஒரு வழி இருக்கிறது. கட்டைவிரல் பருமனுள்ள குழாயைச் சைபனாக வைத்து, அடிமணலைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி வெளியே எடுப்பது. கசடு கிளம்பும் முன்பே குழாய்க்குள் போய்விடுவதால் தொட்டி பெரிதாகக் கலங்காது. ஒரு முறைக்கு மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்தான் எடுக்க முடியும் என்பதால், முழுவதும் முடிய மூன்று நான்கு வாரம் ஆகும். புது மணலை, அகலமான பைப்பைத் தொட்டி அடிவரை இறக்கி, அதன் வழியே விடுங்கள். மணல் விடும்போது ஃபில்டரை நிறுத்திவிட வேண்டும். மிதக்கும் மணல் இம்பெல்லரில் (ஃபில்டர் மோட்டாரில் சுழலும் விசிறி) புகுந்தால் அரைத்துவிடும்.

பழைய கல்லின் மேலேயே மணலைக் கொட்டிவிட்டால்?

முதல் மாதம் அழகாக இருக்கும். சிறியது பெரியதன் இடுக்குகளில் இறங்கும், பெரியது மேலே வரும். அது மாறவே மாறாது. ஆறு மாதத்தில் மணல் அடியிலும் பழைய கல் மேலேயும் இருக்கும், பழைய கசடு நடுவில் காற்றில்லாமல் அடைபட்டிருக்கும். வேண்டாம்.

செடிகளைப் பிடுங்கினால் செத்துவிடாதா?

வெளியே இருக்கும் நேரம் ஈரமாக இருந்தால் போதும். ஈரச் செய்தித்தாளில் சுற்றி வைக்கலாம். நீண்ட வேர்களை மூன்று நான்கு விரல் அளவுக்கு வெட்டிவிட்டு நடுங்கள், சீக்கிரம் புது வேர் விடும். கிரிப்டோகோரைன் இலைகளைக் கரைத்துவிட்டுப் பார்க்கப் பாவமாக நிற்கும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கிழங்கு உயிரோடு இருந்தால் சில வாரத்தில் துளிர்க்கும். அனுபியஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டின் தண்டை மணலில் புதைக்கக் கூடாது, அழுகிவிடும்; கல்லிலோ கட்டையிலோ கட்டுங்கள். கூழாங்கல்லிலிருந்து வெறும் மணலுக்கு மாறினால் அமேசான் ஸ்வோர்ட் மாதிரி வேரால் உண்ணும் செடிகளுக்கு உர மாத்திரை புதைக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் அவை இதுவரை தின்றுகொண்டிருந்தது அந்தக் கசடைத்தான்.

இறால் தொட்டியில்?

எடுத்த கல்லை உடனே கொட்டாதீர்கள். அகலமான தட்டில் கொஞ்சம் தொட்டித் தண்ணீரோடு பரப்பி வைத்தால், கண்ணுக்கே தெரியாத குஞ்சு இறால்கள் துள்ளுவது தெரியும். டிராப்பரால் உறிஞ்சி எடுக்கலாம். இறால்களுக்குத் தண்ணீர் மாற்றம் மீனைவிட அதிகம் தாக்கும். திரும்ப விடும்போது சொட்டுச் சொட்டாகப் புதுத் தண்ணீரைக் கலந்து, ஒன்றிரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு விடுங்கள்.

அக்வா சாயிலுக்கு மாறினால் வேறென்ன கவனம்?

இதுதான் இருப்பதிலேயே கடினமான மாற்றம். புது சாயில் பலவும் முதல் இரண்டு மூன்று வாரம் தானே அம்மோனியா விடும். பிஎச்சை 6க்கும் 7க்கும் நடுவில் இழுத்து வைக்கும், கார்பனேட் கடினத்தன்மையையும் குறைக்கும். மீன்கள் ஏற்கெனவே இருக்கும் தொட்டியில் இதெல்லாம் ஒரே வாரத்தில் நடந்தால் தாங்குவது கஷ்டம். வேறு தொட்டி ஒன்று இருந்தால் மீன்களையும் பழைய ஃபில்டரையும் அங்கே மாற்றி, சாயில் தொட்டியைப் புது ஃபில்டரோடு மூன்று நான்கு வாரம் தனியே ஓட விடுங்கள். வேறு வழி இல்லாவிட்டால், சாயிலைத் தனி வாளியில் ஊற வைத்து, தினமும் தண்ணீரை மெல்ல வடித்து, அம்மோனியா குறைந்தபின் தொட்டியில் போடலாம். கொஞ்சம் உருண்டைகள் உடையும், பரவாயில்லை. மலாவி சிக்லிட், கப்பி, மோலி வைத்திருப்பவர்கள் சாயில் பக்கமே போக வேண்டாம்.

மாற்றியபின் தண்ணீர் வெள்ளையாக இருக்கிறது. ஆபத்தா?

எப்போது வெள்ளையானது என்று பாருங்கள். நிரப்பியவுடனே மங்கலாக இருந்தால் மணல் தூசு. ஃபில்டரில் கொஞ்சம் பஞ்சு வைத்தால் ஒன்றிரண்டு நாளில் தெளியும். முதலில் தெளிவாக இருந்து, இரண்டு மூன்று நாள் கழித்துப் புகை படர்ந்ததுபோல வெளுத்தால் அது மிதக்கும் பாக்டீரியாக்களின் பெருக்கம். தானே அடங்கும், ஆனால் ஆக்சிஜனைக் குடிக்கும். ஏர் பம்பைக் கூட்டி வையுங்கள். இந்த இரண்டாவது வகையில் அம்மோனியாவையும் உடனே அளந்து பாருங்கள்.

அம்மோனியா அல்லது நைட்ரைட் ஏறினால்?

முதல் வாரம் தினமும் அளவு பார்க்க வேண்டும், மீன் நன்றாக நீந்துகிறது என்று விட்டுவிடக் கூடாது. இரண்டில் எது 0.25 பிபிஎம்மை (லிட்டருக்கு 0.25 மில்லிகிராம்) தாண்டினாலும் உணவைக் குறையுங்கள், 0.5 வந்தால் அன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். நைட்ரைட் மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும், செவுள் பழுப்பாகத் தெரியும். லிட்டருக்கு ஒரு கிராம் சாதாரண உப்பைக் கரைத்து விட்டால், உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுள் வழியே போகவிடாமல் தடுக்கும். அது நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். தண்ணீர் மாற்றுவதை அதற்காக விடக் கூடாது.

பாட்டிலில் விற்கும் பாக்டீரியா உதவுமா?

சில உதவும், சிலவற்றில் உயிரோடு எதுவும் இருக்காது. உங்கள் பழைய கல்லே அதைவிட நம்பகமானது. இரண்டு கை நிறைய எடுத்து, தொட்டித் தண்ணீரிலேயே மெல்ல அலசி, சன்னமான வலைப்பையில் கட்டி, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் வையுங்கள்.

புது மணல் போட்டபின் மீன்கள் வெளுத்துவிட்டன. நோயா?

வெள்ளை மணலா? அப்படியென்றால் பெரும்பாலும் நோய் இல்லை. தரையின் நிறத்துக்கு ஏற்ப மீன்கள் தங்கள் நிறத்தை மங்க வைத்துக்கொள்ளும். கறுப்பு மணலில் அதே மீன் அடர்த்தியாகத் தெரியும். சாப்பிடுகிறதா, துடுப்பை விரித்து நீந்துகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் சில நாளில் கொஞ்சம் நிறம் திரும்பும்.

கடல்நீர்த் தொட்டியிலும் இதே முறையா?

இல்லை. அங்கே ஆழமான மணல்படுகை புழுக்களும் நுண்ணுயிர்களும் வாழும் இடம். ஒரே நாளில் எடுத்தால் பவளங்கள் தாங்காது. தண்ணீர் மாற்றும்போதெல்லாம் ஒரு சிறு பகுதியாக, சைபனில் உறிஞ்சி எடுத்துப் பல வாரங்களில் முடிப்பார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எப்போது நம்பலாம்?

முதல் இரண்டு வாரம் உணவு பாதியாக இருக்கட்டும். பிறகு பழைய அளவுக்கு உயர்த்தி, அதன்பின் ஒரு வாரம் முழுக்க அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாகவே இருந்தால் தொட்டி நிலைத்துவிட்டது. மூன்று நான்கு வாரம் ஆனதும் பழைய கல் கட்டிய வலைப்பையை எடுத்துவிடலாம். பையை எடுத்த வாரமே ஃபில்டரைக் கழுவாதீர்கள், இன்னும் பத்து நாள் போகட்டும்; கழுவும்போதும் பாதி ஸ்பாஞ்சை மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்.